ஒப்பந்தத்தில் இல்லாத இயந்திரம்

பாரதி மறைந்து பத்தாண்டுகள் கழித்து, 1931இல், செல்லம்மா பாரதி தம் கணவரின் எழுத்துகளுக்கான பதிப்புரிமையை 4000 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்தார். வாங்கியது பாரதி பிரசுராலயம். அதன் பங்குதாரர்களில் ஒருவர் பாரதியின் சிற்றன்னை மகன் சி. விசுவநாதன், பின்னாளில் உரிமை முழுவதும் அவர் கைக்கே வந்தது. எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் என இரு தரப்பார் கண்முன்னும் அன்று இருந்தது அச்சுப் புத்தகம்தான். அதே ஆண்டு அக்டோபரில் 'காளிதாஸ்' திரைக்கு வந்தது. தமிழ் சினிமா பேசவும் பாடவும் தொடங்கியது. பாட்டுக்குப் புதிதாக இன்னொரு விலை பிறந்தது.

மூன்றாண்டுகளில் அந்த விலையைக் கண்டுகொண்டவர் ஒரு நகை வியாபாரி. 1934இல் பாரதி பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை மட்டும் தனியே பிரித்து, சில நூறு ரூபாய்க்கு, ஜெசிங்லால் மேத்தா என்பவருக்கு விற்றார் விசுவநாதன். மேத்தாவிடமிருந்து பல மடங்கு விலை கொடுத்து அதை வாங்கியவர் ஏவி. மெய்யப்பன். 1947இல் வெளியான 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தன. மறு ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு ஒன்று இடம்பெற்றபோது ஏவிஎம்மிடமிருந்து நோட்டீஸ் போனது. அதன் பிறகு நடந்தது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்த கதை. எழுத்தாளர்கள் திரண்டார்கள், நாரண துரைக்கண்ணனும் மற்றவர்களும் செல்லம்மாவைத் தேடிப் போனார்கள், மெய்யப்பன் தம் உரிமையைப் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார், 1949இல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளைக் கையகப்படுத்தியது, ஐம்பதுகளின் நடுவில் அவை மக்கள் சொத்தாயின. ஆ. இரா. வேங்கடாசலபதி இதைத் தனி நூலாகவே எழுதியிருக்கிறார்.

மக்கள் கவிஞன் விடுதலை பெற்ற கதையாகவே இது சொல்லப்படுகிறது; அப்படிச் சொல்வதில் தவறில்லை. ஆனால் 1949ஐக் கொண்டாடும் வேகத்தில் 1934ஐத் தாண்டிப் போய்விடுகிறோம். செல்லம்மா விற்ற நாளில் தமிழ்ப் பேசும்படம் என்ற தொழிலே கிடையாது. அது உருவானபோது அதில் பாரதி பாட்டுக்கு இருந்த பங்கு யாருக்குப் போயிருக்க வேண்டும்? போனது என்னவோ பத்திரம் கையில் இருந்தவருக்கு. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் சட்டத்தை மீறவில்லை. 'எல்லா உரிமையும்' என்று எழுதியிருந்தால் அதில் இன்னும் பிறக்காத உரிமையும் அடக்கம் என்பது அன்றைய வழக்கம். இன்று செயற்கை நுண்ணறிவையும் பதிப்புரிமையையும் பற்றி நடக்கும் வாதங்களில் எழுத்தாளன் ஒரு பக்கமும் இயந்திரம் மறு பக்கமுமாக நிறுத்தப்படுகிறார்கள். அந்தச் சண்டைக்குப் பின்னால் இன்னொரு பழைய சண்டை சத்தமில்லாமல் நடக்கிறது. அது எழுதிக் கொடுத்தவருக்கும் எழுதி வாங்கியவருக்கும் இடையிலானது.

நிலப் பத்திரம் எழுதியவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்றாகத் தெரிந்திருந்தது. பழைய கிரயப் பத்திரங்களில் நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம் என்று அடுக்கிக்கொண்டு போய், 'ஆகாமி' என்று ஒன்றையும் சேர்ப்பார்கள். இனிமேல் வரக்கூடிய பலன் என்று அர்த்தம். நிலத்தில் நாளை புதையல் கிடைத்தாலும் ஊற்றுக் கிளம்பினாலும் வாங்கியவருக்கே. பதிப்பாளர்களும் படத் தயாரிப்பாளர்களும் தங்கள் பத்திரங்களில் இந்த ஆகாமியை எழுதக் கொஞ்சம் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொண்ட பிறகு விடவில்லை. அமெரிக்கப் பொழுதுபோக்கு ஒப்பந்தங்களில், இப்போது தெரிந்ததும் இனி கண்டுபிடிக்கப்படப் போவதுமான எல்லா ஊடகங்களிலும், பிரபஞ்சம் முழுவதற்கும் உரிமை என்று ஒரு வாசகம் வழக்கமாக இருக்கும். செவ்வாய்க் கோளில் மறுஒளிபரப்பு நடந்தாலும் ராயல்டி கேட்க முடியாது. சிரிப்பாக இருந்தாலும், அந்த வாசகத்துக்குப் பின்னால் நூறாண்டு வழக்குகள் இருக்கின்றன.

முதலில் வந்தது பியானோ. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வீடுகளில் தானே வாசித்துக்கொள்ளும் பியானோக்கள் புகுந்தன. துளையிட்ட காகிதச் சுருளைப் பொருத்தினால் போதும், பாட்டு வரும். இந்தச் சுருள் இசையமைப்பாளரின் படைப்புக்கு நகலா? 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. மனிதக் கண்ணால் படிக்க முடியாத துளைகள் நகல் ஆகா என்பது அதன் தர்க்கம். அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, சுருள் செய்கிறவர் ஒவ்வொன்றுக்கும் 2 சென்ட் கொடுத்துவிட்டுத் தாராளமாகச் செய்துகொள்ளலாம் என்றது. அந்த 2 சென்ட் 1978 வரை மாறவே இல்லை. கட்டாய உரிமம் என்ற ஏற்பாடு இப்படித்தான் பிறந்தது. எட்டு தலைமுறைக்குப் போதும் என்று ஒருமுறை கட்டணத்தை நிர்ணயித்துவிட்டால் அது எப்படி உறைந்துபோகும் என்பதற்கும் இதுவே சாட்சி. இதைப் பின்னால் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

இதைவிடச் சுவையான வழக்கு ஸ்ட்ராவின்ஸ்கியுடையது. 1939இல் தம் 'வசந்தத்தின் சடங்கு' இசையைப் படத்தில் பயன்படுத்திக்கொள்ள டிஸ்னிக்கு 6000 டாலருக்கு அனுமதி கொடுத்தார். மறு ஆண்டு வந்த 'ஃபேண்டேசியா'வில் அந்த இசைக்கு டைனோசர்கள் நடந்தன. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1991இல், டிஸ்னி அதே படத்தை வீடியோ கேசட்டில் வெளியிட்டது. கோடிக்கணக்கான டாலர் வந்து குவிந்தது. ஸ்ட்ராவின்ஸ்கியின் உரிமை பூஸி அண்ட் ஹாக்ஸ் என்ற இசைப் பதிப்பகத்திடம் இருந்தது. அது வழக்குப் போட்டது. அனுமதி கொடுத்தது திரையரங்கில் ஓடும் படத்துக்கு; வரவேற்பறையில் ஓடும் நாடாவுக்கு எப்படிப் பொருந்தும்? 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் டிஸ்னி பக்கம் நின்றது. 'திரைப்படம்' என்ற சொல் வீடியோவையும் உள்ளடக்கும் அளவுக்கு விரிந்தது, புதிய வடிவத்தை விலக்க விரும்பினால் கொடுத்தவர்தான் அப்படி எழுதியிருக்க வேண்டும் என்றது. 1939இல் வீடியோவை விலக்கி எழுத ஸ்ட்ராவின்ஸ்கிக்கு ஞானதிருஷ்டி வேண்டும். வாங்கியவருக்கு அது தேவையில்லை. அவருக்கு ஒரு பொதுச்சொல் போதும்.

இதற்கு மாறாகவும் தீர்ப்புகள் வந்ததுண்டு. 2001இல் இரண்டு வந்தன. கர்ட் வானகட், வில்லியம் ஸ்டைரன் போன்றோரின் பழைய ஒப்பந்தங்களில் 'புத்தக வடிவில்' என்றிருந்தது. மின்நூல் அதில் அடங்காது என்று நியூயார்க் நீதிமன்றம் ஒன்று சொல்லி ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தின் கோரிக்கையை மறுத்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் டாசினி வழக்கு. நியூயார்க் டைம்ஸ் முதலிய பத்திரிகைகள், கட்டுரைக்கு இவ்வளவு என்று கொடுத்து வாங்கிய வெளி எழுத்தாளர்களின் படைப்புகளைக் கேட்காமலே லெக்சிஸ் போன்ற மின்தரவுத் தொகுப்புகளுக்கு விற்றிருந்தன. ஏழு நீதிபதிகள் எழுத்தாளர்கள் பக்கம் நின்றார்கள், இருவர் எதிர். எழுத்தாளர்கள் வென்றார்கள். வென்ற கையோடு நடந்தது என்ன? பத்திரிகை தன் மின்காப்பகத்திலிருந்து அந்தக் கட்டுரைகளை நீக்கத் தொடங்கியது. புதிதாக எழுத வருகிறவர்களிடம் எல்லா ஊடகங்களுக்கும் சேர்த்து எழுதி வாங்குவது வழக்கமாகிவிட்டது. தீர்ப்பு எழுத்தாளருக்கு, அடுத்த ஒப்பந்தம் முதலாளிக்கு. இந்தத் துறையில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது.

ஆகவே தீர்ப்பை நம்பாமல் சட்டத்திலேயே கை வைத்த நாடுகள் உண்டு. ஜெர்மனி 1966இலிருந்து, ஒப்பந்தம் போடும் நாளில் அறியப்படாத பயன்பாட்டுக்கான உரிமையை எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது என்றே வைத்திருந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, காப்பகங்களைத் திறக்க முடியவில்லை என்று நிறுவனங்கள் முறையிட, 2008 தொடக்கத்தில் அதைக் கைவிட்டது; எழுத்துபூர்வமான ஒப்பந்தமும் திரும்பப் பெறும் வாய்ப்பும் அதற்குப் பதிலாக வந்தன. வேடிக்கை என்னவென்றால், ஜெர்மனி வெளியேறிய அதே வாசல் வழியாக நான்காண்டுகள் கழித்து இந்தியா உள்ளே நுழைந்தது.

2012 ஜூன் 21 அன்று நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தைப் பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வாங்கிக் கொடுத்த திருத்தமாகத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1977இல் உச்ச நீதிமன்றம், சினிமாவுக்காகக் காசு கொடுத்து எழுதச்சொன்ன பாட்டுக்கும் மெட்டுக்கும் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்த அமர்வில் இருந்த வி.ஆர். கிருஷ்ணய்யர் தனிக் குறிப்பு எழுதி, பாடகர் என்ற ஒருவரையே சட்டம் காணவில்லையே என்று வருந்தினார். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, மாநிலங்களவையில் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் விடாமல் வாதாடியதும் சேர்ந்து நிலைமையை ஓரளவு திருப்பியது. அந்த ஆரவாரத்துக்கு நடுவே பதினெட்டாம் பிரிவில் இன்னொரு வரம்புரையும் சேர்ந்தது. உரிமை மாற்றம் செய்யப்பட்ட நாளில் இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு வராத ஊடகத்துக்கோ பயன்பாட்டு முறைக்கோ அந்த மாற்றம் பொருந்தாது. ஒப்பந்தத்தில் அந்த ஊடகத்தை அல்லது முறையைக் குறிப்பாகச் சொல்லியிருந்தால் மட்டுமே பொருந்தும். அதாவது, ஆகாமி செல்லாது. 'இனி வரப்போகும் எல்லாம்' என்று மொத்தமாக எழுதினால் போதாது. வரப்போவதன் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் தெரியாததன் பெயரை யாரும் எழுத முடியாது என்பதால் அது எழுதியவரிடமே தங்கும். கேசட் காலத்து ஒப்பந்தம் இணையத்துக்கும் செல்லுமா என்ற கேள்வி தமிழ்த் திரையிசை தொடர்பான வழக்குகளில் எத்தனை ஆண்டுகளாக நீதிமன்றப் படியேறிக்கொண்டிருக்கிறது என்று அறிந்தவர்களுக்கு இந்த ஒரு வரியின் கனம் புரியும்.

இப்போது செயற்கை நுண்ணறிவுக்கு வரலாம்.

2024 மே மாதம் இன்ஃபார்மா நிறுவனம் மைக்ரோசாஃப்டுடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டதாக அறிவித்தது. டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் என்ற கல்விப் பதிப்பகம் இன்ஃபார்மாவுக்குச் சொந்தமானது. அங்கே கட்டுரையும் நூலும் வெளியிட்ட பேராசிரியர்கள் பலருக்குத் தங்கள் எழுத்து இயந்திரத்துக்குப் படிக்கக் கொடுக்கப்படுவது செய்தி பார்த்தே தெரிந்தது. கேட்டிருக்க வேண்டாமா என்றார்கள். கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. கையெழுத்துப் போட்ட நாளிலேயே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஹார்ப்பர்காலின்ஸ் வேறு வழியில் போனது. எழுத்தாளர்களிடம் சம்மதம் கேட்டது. ஒரு நூலுக்கு மூன்றாண்டு உரிமத்துக்கு 5000 டாலர், அதில் பாதி எழுத்தாளருக்கு, பாதி பதிப்பகத்துக்கு. சம்மதம் கேட்டது நாகரிகம்தான். ஆனால் அந்தப் பாதி எந்த அடிப்படையில் வந்தது? அச்சடித்து, கடைக்கு அனுப்பி, விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பதிப்பாளருக்கு ஒரு பங்கு உண்டு, மறுப்பவர் யாருமில்லை. ஒரு கோப்பை இன்னொரு நிறுவனத்துக்கு அனுப்பிவைப்பதற்கும் அதே பங்கா?

அமெரிக்க நீதிமன்றங்கள் முதல் கேள்வியிலேயே இன்னும் நிற்கின்றன. இயந்திரத்தின் பயிற்சிக்கு ஒரு படைப்பைப் பயன்படுத்த அனுமதி வேண்டுமா, வேண்டாமா? ஆந்த்ரோபிக் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தின் மீது எழுத்தாளர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் நீதிபதி வில்லியம் ஆல்சப் சொன்னது இரண்டு பகுதியாக இருந்தது. விலைக்கு வாங்கிய புத்தகத்தை ஸ்கேன் செய்து மாடலைப் பயிற்றுவிப்பது நியாயப் பயன்பாடு. திருட்டு நூலகத் தளங்களிலிருந்து லட்சக்கணக்கில் இறக்கி வைத்துக்கொண்டது நியாயப் பயன்பாடு அல்ல. இரண்டாவதற்காக நிறுவனம் 150 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு சமரசம் செய்தது. ஏறக்குறைய ஐந்து லட்சம் நூல்கள், நூலுக்குச் சுமார் 3000 டாலர். தொகை பெரிது. பட்டியலில் இடம்பெற நூல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்துக்குள் பதிவாகியிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் இருந்தது. திருட்டுத் தளங்களில் தமிழ் நூல்களுக்குப் பஞ்சமில்லை. வாஷிங்டனில் பதிவு செய்துவைத்த தமிழ் எழுத்தாளரைத்தான் தேட வேண்டும்.

இந்தியாவில் வழக்கு வேறு வடிவத்தில் வந்தது. 2024 நவம்பரில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஓப்பன்ஏஐ மீது தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கொஞ்ச நாளில் இந்தியப் பதிப்பாளர் கூட்டமைப்பும், நாளிதழ்களின் மின்பதிப்புச் சங்கமும், இசை நிறுவனங்களும் தங்களையும் சேர்த்துக்கொள்ளக் கேட்டு வரிசையில் நின்றன. அவர்கள் அனைவரின் வாதத்தின் சாரம் ஒன்றே: பயிற்சி என்பது படைப்பைச் சுரண்டும் ஒரு பயன்பாடு, அதற்கு அனுமதி வேண்டும், பணம் வேண்டும்.

இங்கேதான் 2012இன் அந்த வரி கண்விழிக்கிறது. பயிற்சி என்பது அனுமதி தேவைப்படும் புதிய பயன்பாட்டு முறை என்று பதிப்பாளர் வென்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 2012க்குப் பின், ஆனால் இந்த மாடல்கள் சந்தைக்கு வருவதற்கு முன், அவர் எழுதி வாங்கிய ஒப்பந்தங்களில் அந்த முறை குறிப்பிடப்பட்டிருக்காது. அப்படியானால் அந்த உரிமை அவரிடம் இல்லை, எழுத்தாளரிடம் இருக்கிறது. அது புதிய முறையே அல்ல, பழைய நகலெடுப்பின் இன்னொரு பெயர்தான் என்று அவர் வாதிடலாம். வாதிட்டால், வெறும் நகலெடுப்பில் என்ன தனி இழப்பு என்ற எதிர்க்கேள்விக்கு நெருக்கமாகப் போய் நிற்பார். வழக்கறிஞர்கள் இந்த இடுக்கிலிருந்து வெளிவர வழி கண்டுபிடிப்பார்கள், சந்தேகமில்லை. ஆனாலும் படைப்பாளியின் பெயரால் நீதிமன்றத்தில் நிற்பவர்களிடம், கேட்கும் பணம் உங்களுடையதுதானா என்று யாராவது கேட்டாக வேண்டும்.

பத்திரிகைகளின் நிலைமை இன்னும் வினோதம். சம்பளத்துக்கு வேலை செய்யும் நிருபர் எழுதியதெல்லாம் முதலாளிக்குச் சொந்தம் என்று செய்தி அறைகளில் எல்லோரும் நம்புகிறார்கள். சட்டத்தின் பதினேழாம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. வேறு உடன்பாடு இல்லாதபோது, பத்திரிகையில் வெளியிடுவது தொடர்பான உரிமை மட்டுமே முதலாளிக்கு. மற்ற எல்லா வகையிலும் முதல் உரிமையாளர் எழுதியவரே. ஆலை முதலாளிக்கும் மென்பொருள் நிறுவனத்துக்கும் கொடுத்த முழு உரிமையைப் பத்திரிகை முதலாளிக்குச் சட்டம் கொடுக்கவில்லை. இயந்திரத்துக்குப் பாடமாகக் கொடுப்பது பத்திரிகையில் வெளியிடுவதாகுமா என்பதைச் சொல்லப் பெரிய சட்ட மூளை வேண்டியதில்லை. நாளிதழ்கள் இப்போது ஊழியர் ஒப்பந்தங்களை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எழுத்துக்காவது பத்திரம் என்று ஒன்று இருக்கிறது. குரலுக்கு அதுவும் இல்லை. 2024 ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாட்டில் ஏ.ஆர். ரகுமான் இரண்டு குரல்களை மீண்டும் ஒலிக்கவைத்தார். ஒன்று 1997இல் இறந்த ஷாகுல் ஹமீதுடையது, மற்றது 2022இல் இறந்த பம்பா பாக்யாவுடையது. குடும்பத்தினரிடம் அனுமதி வாங்கியதாகவும் உரிய ஊதியம் கொடுத்ததாகவும் ரகுமான் வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த மாதமே எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலைக் கேட்காமல் உருவாக்கினார்கள் என்று தெலுங்குப் படம் 'கீடா கோலா'வின் தயாரிப்பாளர்களுக்கு எஸ்.பி.பி. சரண் தரப்பிலிருந்து நோட்டீஸ் போன செய்தி வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சரி, ஒன்று தவறு என்று உடனே தோன்றும். சட்டத்துக்கு அவ்வளவு எளிதாகத் தோன்றாது. குரலைப் போலச் செய்யும் மாடல் எந்தப் பழைய ஒலிப்பதிவையும் அப்படியே திரும்ப ஒலிப்பதில்லை. பாடகர் பாடாத பாட்டை அது பாடுகிறது. நிகழ்த்துநருக்குச் சட்டம் தந்த உரிமை அவர் நிகழ்த்தியதன் மேல்தான், நிகழ்த்தக்கூடியதன் மேல் அல்ல.

உயிரோடு இருப்பவர் என்றால் ஆளுமை உரிமை கைகொடுக்கும். தம் பெயரையும் பாணியையும் வைத்து எடுத்த இந்திப் படத்தை எதிர்த்து ரஜினிகாந்த் 2015இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வென்றார். குரலைக் குளோன் செய்யும் தளங்களுக்கு எதிராக 2024 ஜூலையில் அரிஜித் சிங் மும்பையில் தடை வாங்கினார். இறந்தவர் விஷயம் வேறு. ஜெயலலிதா பற்றிய 'தலைவி' படத்தை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் ஜெ. தீபா தொடுத்த வழக்கில், ஒருவர் தம் வாழ்நாளில் ஈட்டிய அந்தரங்க உரிமையும் புகழும் அவரோடு முடிந்துபோகின்றன, வாரிசுக்குச் சொத்தாக வருவதில்லை என்றது சென்னை உயர் நீதிமன்றம். அந்தத் தர்க்கத்தைக் குரலுக்கும் நீட்டினால், ஷாகுல் ஹமீதின் குடும்பத்துக்குப் போன பணம் சட்டக் கடமையாக அல்ல, ஒரு மனிதரின் நியாய உணர்வாகப் போனது. அடுத்த இசையமைப்பாளருக்கு அந்த உணர்வு இல்லாவிட்டால் குடும்பம் எதைக் காட்டிக் கேட்கும் என்று தெரியவில்லை.

2025 ஆகஸ்ட் 1 அன்று தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் நடந்தது இவற்றிலிருந்து மாறுபட்டது. 2013இல் தனுஷ் நடித்து இந்தியில் 'ராஞ்சனா'வாகவும் தமிழில் 'அம்பிகாபதி'யாகவும் வந்த படம் மறுவெளியீடு கண்டது. நாயகன் சாகும் முடிவை, செயற்கை நுண்ணறிவு கொண்டு அவன் பிழைப்பதாக மாற்றியிருந்தார்கள். மாற்றியது படத்துக்கு உரிமை கொண்ட ஈராஸ் நிறுவனம். இயக்குநர் ஆனந்த் எல். ராய் ஊடகங்கள் வழியேதான் தமக்குத் தெரிந்தது என்றார். படத்தின் உயிரையே பறித்துவிட்டார்கள் என்று தனுஷ் வருந்தி அறிக்கை விட்டார். ஆனால் இந்தியச் சட்டத்தின் கண்ணில் ஒரு திரைப்படத்தின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளர். இயக்குநரையும் இணை ஆசிரியராக்கலாம் என்று 2010 மசோதாவில் இருந்தது. நாடாளுமன்றக் குழு வேண்டாம் என்றது. 2012 சட்டத்தில் அது காணாமல் போயிற்று. ஆக, ராயைவிடத் தனுஷுக்குத்தான் சட்டத்தில் காலூன்ற இடம் இருக்கிறது. தம் நற்பெயருக்குக் கேடு வரும்படி தம் நடிப்பைத் திரித்தால் எதிர்க்கலாம் என்ற தார்மீக உரிமையை அதே 2012 திருத்தம் நிகழ்த்துநருக்குக் கொடுத்திருக்கிறது. கதையை எடுத்த ஆளுக்கு இல்லாத உரிமை அதில் நடித்த ஆளுக்கு. சட்டம் திட்டமிட்டு இப்படி ஆகவில்லை. யார் அந்த நேரத்தில் தில்லியில் குரல் கொடுத்தார்களோ அவர்களுக்குக் கிடைத்தது, அவ்வளவுதான்.

தில்லி வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வணிக மேம்பாட்டுத் துறை அமைத்த குழு 2025 டிசம்பரில் தன் முதல் ஆய்வறிக்கையை வெளியிட்டது. அது சொல்லும் வழி கட்டாய உரிமம். சட்டப்படி கிடைத்த எந்தப் படைப்பையும் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். படைப்பாளி தடுக்க முடியாது. நிறுவனங்கள் வருவாயில் ஒரு பங்கை மையமான ஓர் அமைப்பிடம் கட்ட வேண்டும். அந்த அமைப்பு உரிமையாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கும். பியானோச் சுருளுக்கு 2 சென்ட் என்ற அதே ஏற்பாடுதான், நூற்றுப் பதினாறு ஆண்டுகள் கழித்து. கணினித் தொழில் தரப்பு இதை எதிர்த்திருக்கிறது. எழுத்துலகில் வரவேற்பும் சந்தேகமும் கலந்து வருகின்றன. தடுக்கும் உரிமையே இல்லாமல் பணம் மட்டும் வாங்கிக்கொள்ளச் சொல்வது சரியா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் தனித்தனியாக யாரும் கூகுளோடு பேரம் பேசப் போவதில்லை என்பதும் உண்மை. எழுதுகிறவருக்கு ஏதாவது கிடைக்க வேண்டுமானால் ஏறக்குறைய இப்படி ஒன்றுதான் வேலை செய்யும். பணம் 'உரிமையாளருக்கு' என்று எழுதப்பட்டிருப்பதில்தான் சிக்கல்.

தமிழ்ப் பதிப்புலகில் அந்த உரிமையாளர் யார்? ஏராளமான நூல்களுக்கு ஒப்பந்தம் என்று ஒரு காகிதமே கிடையாது. தொலைபேசியில் பேசி, கைப்பிரதியை அனுப்பி, வெளியீட்டு விழாவில் பொன்னாடை போர்த்திக்கொண்டதோடு விஷயம் முடிந்துவிடும். எழுத்தாளர்கள் இதைக் குறையாகச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். சட்டத்தின்படி பார்த்தால் குறைப்பட வேண்டியவர் பதிப்பாளர். எழுத்தில் இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. எழுத்தில் இருந்தாலும் காலவரை குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டுகள்தான். பத்தொன்பதாம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. எனவே அலமாரியில் இருக்கும் பெரும்பாலான தமிழ் நூல்களின் உரிமை, பயிற்சி உரிமை உட்பட, எழுதியவரிடமோ அவருடைய வாரிசுகளிடமோ முழுசாக இருக்கிறது. அரசு நாட்டுடைமையாக்கிய நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் எழுத்துகள் இதில் சேராது. அவற்றுக்கு இயந்திரம் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. 2009இல் பட்டியலில் பெயர் வந்தும் வேண்டாம் என்று சொன்ன சுந்தர ராமசாமி, கண்ணதாசன் குடும்பங்கள் அன்று என்ன நினைத்து மறுத்தன என்பது வேறு விஷயம். அந்த மறுப்பால் பின்னாளில் வந்த ஓர் உரிமையும் அவர்கள் கையில் தங்கியிருக்கிறது.

உரிமை இருப்பது ஒன்று, இருப்பதாக ஓர் அலுவலகத்தில் காட்டுவது இன்னொன்று. பகிர்ந்தளிக்கும் அமைப்பு வேலையைத் தொடங்கும்போது அதற்கு ஒரு பட்டியல் வேண்டும். அமெரிக்கச் சமரசத்தில் புத்தக எண்களை வைத்தே பட்டியல் போட்டார்கள். இங்கும் வேறு வழியில்லை. இந்தியாவில் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு விண்ணப்பிப்பவர் பெரும்பாலும் பதிப்பாளர்தான். எண் அவர் கணக்கில் ஏறுகிறது, அவர் முகவரியோடு. காலமான சிறுகதையாளர் ஒருவரின் மகள் எங்கோ வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பார். அந்த அமைப்பிலிருந்து கடிதம் போகும். பதிப்பகத்தின் பெயருக்குப் போகும்.